தாய்மாமன் வந்த கார்

மாப்ள,

இன்று காலை ஸ்பேர் பார்ட்ஸ் கடையைத் திறந்து சாம்பிராணி காட்டி முடிப்பதற்குள் உன் கார் வாசலில் வந்து நின்றது. ஓட்டிக்கொண்டு வந்தவள் உன் தங்கை. உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கமிருந்து தனியாக ஓட்டி வந்திருக்கிறாள். இறங்கியதும், “பாய் அண்ணே, பின்னாடி ரெண்டு பக்கமும் எண்ணெ ஒழுகுது. குழியில எறங்குனா ஆட்டம் நிக்க மாட்டேங்குது, என்னன்னு பாருங்க” என்றாள். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, கையை உள்ளே விட்டு ஷாக் அப்சார்பரைத் தடவினேன். புழுதியும் எண்ணெயும் குழைந்து விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது.

அந்த எண்ணெய்க்கு ஒரு வாசனை உண்டு, உனக்குத் தெரியும். என்ஜின் ஆயில் மாதிரி கருகிய வாசனை இல்லை, லேசான மீன் கவிச்சி. நாள் முழுக்க அந்த வாசனைக்குள்தான் என் பிழைப்பு ஓடுகிறது. ஆனாலும் இன்று அந்த இடத்தைவிட்டு உடனே எழுந்திருக்க முடியவில்லை. “என்னண்ணே, முழங்காலு பிடிச்சுக்கிருச்சா?” என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வேலை முடிந்து அவள் கிளம்பிப் போய்விட்டாள். மதியத் தொழுகை லுஹர் தொழுதுவிட்டு வந்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வெயிலில் தெருவே அடங்கிக் கிடக்கிறது. சோப்பு போட்டுக் கழுவியும் கையில் வாசனை இருக்கிறது. உன்னிடம் பேசாமல் இன்றைக்குச் சோறு இறங்காது போலிருக்கிறது.

நாம் பழகத் தொடங்கியதே சண்டையில்தான். அன்று உன் கழுத்தில் ஒரு துண்டு, விரலில் சுற்றிக்கொண்டே இருக்கும் கார் சாவி. செல்லூரில் பவர்லூம் வைத்திருக்கிற ஆள் என்று அப்போது எனக்குத் தெரியாது. வந்ததும் வராததுமாக, “பாய், வண்டியத் தரையோட தரையா எறக்கணும். குட்டை ஸ்பிரிங் வரவழைச்சுக் குடுப்பீகளா?” என்று கேட்டாய். கம்பெனி போட்ட ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, உயரம் குறைந்த, விறைப்பான ஸ்பிரிங்கை மாட்டினால் கார் பதுங்கின மாதிரி தாழ்ந்து நிற்கும். இளவட்டங்கள் வந்து கேட்பார்கள். நாற்பதைத் தொடுகிற ஆள் கேட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

“நம்ம ஊரு ரோட்டுக்கு அது ஆகாதுண்ணே. அடி தட்டும்” என்றேன்.

“ரோட்டுக்காகவா நான் காரு வாங்குனேன்?” என்று என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாய். டயருக்கும் அதற்கு மேலே இருக்கும் தகட்டுக்கும் நடுவில் கையை விட்டுக் காட்டினாய். “இங்கிட்டுப் பாருங்க, கோழி அடைகாக்கலாம் போல. இம்புட்டு எடவெளி இருந்தா அது காரா, டிராக்டரா?”

சரி, போடுவதென்று ஆகிவிட்டது, ஷாக் அப்சார்பரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள் என்றேன். மேடு பள்ளத்தை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். வாங்கிய பிறகு அது துள்ளாமல் அடக்கிப் பிடிப்பது ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங் குட்டையானால் பழைய ஷாக் அப்சார்பரின் தண்டுக்கு ஓடியாட இடமிருக்காது. அடியிலே இடித்து இடித்து, சீல் கிழிந்து எண்ணெயைக் கக்கிவிடும். நான் சரக்குத் தள்ளப் பார்க்கிறேன் என்று நீ நினைத்துக்கொண்டாய். “ஒன்னு கேட்டா ஒம்போது எடுத்து வைக்கிறீகளே பாய்” என்று சொல்லி, ஸ்பிரிங்குக்கு மட்டும் ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனாய். அடுத்த மழைக்காலத்துக்குள் நாலு சக்கரத்திலும் எண்ணெய் ஒழுக வந்து நின்றாய். நான் வாயைத் திறக்காமல் புதுப் பெட்டிகளை எடுத்து மேசைமேல் வைத்தேன். “சிரிச்சுத் தொலைங்க. அடக்கி வச்சா வயித்த வலிக்கும்” என்றாய். அன்றைக்குக் குடித்த டீயோடு நான் உனக்கு மாப்ள ஆனேன், நீ எனக்கு மாப்ள ஆனாய்.

அதற்குப் பிறகு அந்தக் கார் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமா? செக்கானூரணி தாண்டினால் ஊருக்கு ஊர் வேகத்தடை. எங்கேயாவது ஒரு பிள்ளையை வண்டி தட்டிவிட்டால் போதும், மறுநாளே ஊர்க்காரர்கள் அவர்களாகக் கல்லும் சிமெண்டும் போட்டு ஒரு மேட்டைக் கட்டிவிடுவார்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் நீ காரை நிறுத்தி, “எறங்கு மாப்ள, வெயிட்டு கொறையட்டும்” என்பாய். நான் இறங்கி வெயிலில் நடப்பேன். நீ காரைக் குறுக்காகத் திருப்பி, சக்கரம் சக்கரமாக ஏற்றி இறக்குவாய். டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் கை தட்டுவார்கள். “காரு மனுசனச் சுமக்குதா, மனுசன் காரச் சுமக்குறானாடா?” என்று நான் கத்துவேன். என் வீட்டுக்காரி உன் காரில் ஏறுவதில்லை என்றே முடிவு செய்துவிட்டாள்.

அந்தக் காரைத் தவிர உனக்கு வேறு ஆடம்பரம் கிடையாது. உங்கள் வீடு நிலம் இல்லாத வீடு. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது தங்கை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். செல்லூரில் தறிக்குக் கூலியாக வந்து நின்று, அவளைப் படிக்கவைத்து, சொந்தமாகத் தறி போட்டு, உசிலம்பட்டிப் பக்கம் நிலபுலன் உள்ள வீட்டில் கட்டிக்கொடுத்தாய். உனக்குக் கல்யாணம் என்ற பேச்சு எடுக்கும்போது வயது ஏறிவிட்டிருந்தது. மாதம் தவறாமல் அவளைப் பார்க்கப் போவாய். போகும்போது பழமும் பலகாரமுமாகக் கார் நிறைந்திருக்கும், வரும்போது காலியாக வரும். அவள் வீட்டிலிருந்து ஒரு தேங்காய்கூட வாங்கிவர மாட்டாய். “பொறந்த வீடு குடுக்கும் மாப்ள, வாங்காது. நான் கை நீட்டுனேன்னா நாளைக்கு அவ மாமியா வீட்ல அவளுக்கு என்ன மரியாதை?” என்பாய்.

முதுகுவலி வந்தபோது நாம் எல்லாரும் காரைத்தான் திட்டினோம். குட்டை ஸ்பிரிங்கின் விறைப்பு முதுகை உடைக்கிறது என்று நான் சொன்னேன். தறிக்காரர்கள் சொன்னார்கள். உன் மச்சான், அதுதான் உன் தங்கை வீட்டுக்காரர், போனில் அதையே சொன்னார். நீ தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, “என் காரு மேல பழியப் போடாதீக” என்று வீம்பு பிடித்தாய். கால் மரத்துப்போய்த் தறிக்கு முன்னால் விழுந்த அன்றுதான் ஸ்கேன் எடுத்தோம். நுரையீரலில் பிடித்த கட்டி முதுகெலும்புக்கு வந்துவிட்டது என்றார் மருத்துவர். எலும்பு உள்ளுக்குள் அரித்துப்போயிருக்கிறது, சின்ன அதிர்வுகூடப் படக்கூடாது என்றார். நீ அவரிடம் கேட்ட முதல் கேள்வி எனக்கு மறக்காது. “அப்ப காரு காரணமில்லல்ல சார்?” அவர் விழித்தார். வெளியே வந்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “கேட்டேல்ல மாப்ள? ஸ்பிரிங்கு நல்ல ஸ்பிரிங்குதான்” என்றாய். நான் உன்னைத் திட்டவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றேன்.

தங்கையிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாய். அவளுக்கு முதுகுப் பிடிப்பு என்று மட்டும் தெரியும். அப்படி நீ மறைத்துக்கொண்டு படுத்திருந்த ஒரு நாளில்தான் அவளிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். “அண்ணே, பாப்பாவுக்கு மாசியில முடியெறக்கிக் காது குத்துறோம். கருப்பசாமி கோயில்ல. நீ வந்து மடியில வச்சாத்தான் குத்து. முதுகு வலின்னு சாக்கு சொன்ன, பேச மாட்டேன் பாத்துக்க.” நீ குரலைச் சரி செய்துகொண்டு, “வாரேன், வராம இருப்பேனா? சீரோட வாரேன்” என்றாய்.

உங்கள் பக்கத்து வழக்கம் எனக்கும் தெரியும். தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். மாமன் வராவிட்டால் மாமனுக்குப் பங்காளி முறையில் யாராவது உட்காரலாம். ஆனால் கூடியிருக்கிற சனம் சும்மா இருக்காது. பிறந்த வீட்டில் நாதியற்றவளா என்று ஒரு கிழவி கேட்டுவிட்டால் போதும், அந்தப் பெண் ஆயுசுக்கும் அதைச் சுமப்பாள். அப்பா அம்மா இல்லாத அவளுக்குப் பிறந்த வீடு என்பதே நீ ஒருத்தன்தான். போய்த்தான் ஆகவேண்டும்.

“ஆம்புலன்சு பேசிருவமா மாப்ள? படுத்துக்கிட்டே போயிரலாம்” என்றேன்.

உனக்கு வந்த கோபம்! “கிறுக்கனாடா நீ? பிள்ளைக்கு மொத மொத நடக்குற நல்ல காரியம். தாய்மாமன் சீரோட ஆம்புலன்சுல போயி எறங்குனா வெளங்குமா? மேளச் சத்தத்தோட போவானா, சைரன் சத்தத்தோட போவானா?” கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாய்: “என் காருலதான் போறேன். வலிக்காம என்னைக் கொண்டுபோய்ச் சேக்குறது உன் பொறுப்பு. ஷாக்கு, ஸ்பிரிங்கு எல்லாம் உன் கையில.”

எத்தனையோ பேருக்கு எத்தனையோ வண்டிக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன் மாப்ள. ஒன்றுக்கு நாலு பெட்டியாகப் பிரித்துப் பார்த்து எடுத்தது உனக்கு மட்டும்தான். உன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பெட்டிகளைக் கொண்டுவந்து பரப்பினேன். தறி ஓடினால் கட்டில் அதிர்கிறதென்று அறைக்கு ஒட்டினாற்போல் இருந்த தறியை நிறுத்தியிருந்தார்கள். செல்லூரில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை.

நீ கேட்டது கேஸ் டைப் ஷாக் அப்சார்பர். எண்ணெயோடு வாயுவும் அடைத்தது, வேகத்தில் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும். குட்டை ஸ்பிரிங் அப்படியே இருக்கட்டும், அதன்மேல் உசந்த கேஸ் டைப்பைப் போடு என்றாய். நான் மாட்டேன் என்றேன். கேஸ் டைப், ரோட்டில் கிடக்கிற பொடிக் கல்லைக்கூட முதுகுக்குச் சொல்லிவிடும். வெறும் ஆயில் டைப்தான் சாவகாசமாக அமுங்கும். வளைவில் கொஞ்சம் சாயும், சாய்ந்தால் சாயட்டும். ஆனால் குட்டை ஸ்பிரிங்கின் விறைப்பை ஆயில் டைப்பால் அடக்க முடியாது. ஒரு தடவை இடித்தால் நாலு தடவை துள்ளும், உன் முதுகுக்கு அந்தத் துள்ளல்தான் எமன். ஆகவே குட்டை ஸ்பிரிங் போகவேண்டும், கம்பெனி ஸ்பிரிங் திரும்ப வரவேண்டும், கார் பழைய உயரத்துக்கு ஏறவேண்டும். சீட்டு உயர்ந்தால் நீ குனியாமல் ஏறலாம், அது வேறு.

“கார ஏத்துனா பாக்குறவய்ங்க சிரிப்பாய்ங்கடா. இவனுக்கு வயசாயிருச்சு, அடங்கிட்டான்ம்பாய்ங்க.”

“சிரிக்கட்டும்டா. நீ கத்தாமப் போயிச் சேரணும். உன் மடிக்குத்தான் அந்தப் பிள்ளை காத்துக்கிட்டு இருக்கு, உன் காருக்கு இல்ல.”

மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தாய். பிறகு, “சரி, ஏத்து” என்றாய். “கழட்டும்போது நான் பாக்க மாட்டேன், சொல்லிட்டேன்.” வாழ்க்கையில் நீ ஆசைப்பட்டு வைத்துக்கொண்ட ஒன்றே ஒன்று அது. அவனியாபுரத்தில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் குட்டை ஸ்பிரிங்கைக் கழற்றிக் கீழே போட்டபோதும், கார் ஜாக்கியிலிருந்து இறங்கி உயரமாக, மொக்கையாக நின்றபோதும், நான் பட்டறைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அழுதேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

அப்படியும் வேலை முடியவில்லை. முதல் ஓட்டம் பார்க்க உன்னைப் பின் சீட்டில் மெத்தை போட்டுப் படுக்கவைத்து, ஆற்றோரம் ஓட்டிப் போனேன். முன்பக்கம் பஞ்சு மாதிரி போனது. பின்பக்கம் மட்டும் ஒவ்வொரு மேட்டிலும் உதைத்தது. நீ பல்லைக் கடித்துக்கொண்டு, “பின்னாடி விறைக்குது மாப்ள” என்றாய். புது ஸ்பிரிங், புது ஷாக், ஏன் உதைக்கிறது? டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தேன். கொஞ்சம்தான் கேட்டது. ஓரமாக நிறுத்திவிட்டு டிக்கியைத் திறந்தேன், காலியாகக் கிடந்தது. அப்போதுதான் புரிந்தது. பின் ஸ்பிரிங் நாலைந்து பேரையும் சாமான்களையும் சுமக்கச் செய்தது. சுமை இல்லாமல் அது அமுங்கவில்லை.

திரும்பிவந்து உன் தறியில் நெய்த துண்டுக் கட்டுகளை டிக்கி நிறைய அடுக்கி, மறுபடியும் அதே வழியில் ஓட்டினேன். உன்னிடமிருந்து சத்தமே இல்லை. பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாய். “இன்னொரு ரவுண்டு போ மாப்ள” என்றாய். வீட்டு வாசலில் நிறுத்தியபோது நீயே சொன்னாய்: “அரிசி மூட்டை, தேங்காய் மூட்டை, வெல்லம், பாத்திரம், எல்லாம் டிக்கியிலதான வருது? அப்பச் சரி. சீரு சும்மாவா போகுது, எனக்கு மெத்தையால்ல போகுது.”

மாசி மாதத்து அந்தக் காலையை நான் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருப்பேன்! பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, சட்டைக்குள்ளே இடுப்பு பெல்ட். நாகமலை அடிவாரத்தில் வெயில் ஏறத் தொடங்கியது. நான் ஒவ்வொரு மேட்டுக்கும் முன்னால் சொல்லிக்கொண்டே போனேன், “மேடு வருது மாப்ள, புடிச்சுக்க.” கார் மெல்ல ஏறி, மெல்ல அமுங்கி, அடங்கியது. அந்த ரோட்டில் நான் உன் காரில் இறங்கி நடக்காமல் போன முதல் பயணமும் அதுதான். அதைச் சொல்லிச் சிரித்தோம். கருமாத்தூர் தாண்டியதும் நீ தூங்கிவிட்டாய்.

ஊர் எல்லையில் மேளம் காத்திருந்தது. உன் தங்கை ஓடிவந்தவள், உன் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். “ஏண்ணே இம்புட்டு எளைச்சுப் போயிட்ட?”

“டயட்டும்மா. ஒன் மாமியாதான தொப்பை தொப்பைன்னு சொல்லுச்சு?” என்றாய். கூட்டம் சிரித்தது, அவளும் சிரித்தாள்.

கோயில் வேப்பமரத்தடியில் கைவைத்த நாற்காலி போட்டு உன்னை உட்காரவைத்தோம். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள். ஆசாரி கம்பியை எடுத்ததும் அது உதைக்க ஆரம்பித்தது. வயிற்றில் உதைத்தது, மார்பில் முட்டியது, முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு கத்தியது. நான் உனக்குப் பின்னால் நின்று தோளைப் பிடித்திருந்தேன். என் கைக்குக் கீழே உன் சட்டை வியர்வையில் ஊறிக்கொண்டே போனது. நீ முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. “அவ்வளவுதாண்டா தங்கம், மாமன் இருக்கேன்ல, மாமன் இருக்கேன்ல” என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். இரண்டு காதும் குத்தியாயிற்று. குலவைச் சத்தம் எழுந்தது. நான் எனக்குத் தெரிந்த துவாவை முணுமுணுத்துக்கொண்டேன். ஒப்புக்கொண்டதைச் செய்து முடித்தாய், மாப்ள.

திரும்பும் பயணத்தை நாம் நினைக்கவே இல்லை. போய்ச் சேர்வது, போய்ச் சேர்வது என்று அதிலேயே இருந்துவிட்டோம். பந்தி முடிவதற்குள் உனக்கு முடியாமல் வர, முறைக்கு நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, சொல்லிக்கொண்டு கிளம்பினோம். வழியனுப்ப உன் தங்கை பின்னாலேயே நடந்து வந்தாள். ஊர் எல்லையில் முதல் வேகத்தடை. மெதுவாகத்தான் ஏற்றினேன். பின்பக்கம் எகிறி உதைத்தது. நீ அலறினாய். அந்தச் சத்தத்தை என்னால் எழுதிக் காட்ட முடியாது.

டிக்கி காலி. சீர் இறங்கிவிட்டது.

ஓடிவந்த உன் தங்கை கதவைத் திறந்து, சட்டை விலகித் தெரிந்த பெல்ட்டைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் உனக்குச் செய்துகொடுத்த சத்தியத்தை அந்த இடத்திலேயே விட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், டிக்கியில் சுமை இருந்தால்தான் உனக்கு வலிக்காது என்பதையும் சேர்த்து. உன் மச்சான் பதறிப்போய், “அந்த மூட்டைகளையே திரும்ப ஏத்திருவோம் மச்சான்” என்றார்.

“வச்ச சீரத் திருப்பிக் கொண்டுபோறதா? பிள்ளை நல்லா இருக்க வேணாமா?” வலியிலும் நீ கத்தினாய். மண்ணை அள்ளிப் போடலாமா என்று ஒருவர் கேட்டார். நல்ல காரியத்துக்கு வந்த வண்டியில் மண்ணா என்று அவரையும் திட்டினாய். “எங்க நெல்லு ரெண்டு மூட்டை ஏத்துறேன்” என்று மச்சான் கெஞ்சினார். “தங்கச்சி வீட்டு நெல்லா? செத்தாலும் வேணாம்” என்றாய். ஊரே கூடி நிற்கிறது, யாருக்கும் ஒன்றும் ஓடவில்லை. எனக்கு உன்னை அறையலாம் போலிருந்தது.

உன் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நெல்லு வேணாம், நான் வாரேன். பொறந்த வீட்டுக்குப் பொம்பளப்பிள்ளை வர்றத வேணாம்னு சொல்லுவியா நீயி?”

நீ வாயைத் திறப்பதற்குள் அவள் திரும்பி வீட்டுக்காரரிடம், “என் டிரங்குப் பெட்டியத் தூக்கிட்டு வாங்க. மெத்தை, தலகாணி, பித்தளை அண்டா, எல்லாம் வேணும் எனக்கு. அந்த அம்மியையும் தூக்குங்க” என்றாள். “அம்மி எதுக்கு?” என்று அவள் மாமியார் திகைத்துக் கேட்டார். “எங்க அண்ணன் வீட்ல மிக்சிதான் இருக்கு அத்தை. எனக்கு அது சரிப்படாது” என்றாள். அழுதுகொண்டிருந்த உனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பெட்டியும் அண்டாவும் அம்மியுமாக டிக்கி நிறைந்து கார் தாழ்ந்தது. விருந்துக்கு வந்த சனத்தை அப்படியே விட்டுவிட்டு, விசேஷத்துக்குக் கட்டிய பட்டுச் சேலையோடு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, உன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். முன் சீட்டில் உன் மச்சான் காது குத்திய பிள்ளையை வைத்துக்கொண்டு வந்தார். செல்லூர் வரும்வரை நீ ஒரு சத்தம் போடவில்லை.

அதன்பிறகு அவள் போகவே இல்லை. சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேறிய வாரத்தில் நீ போனாய். அந்த மடியில்தான் போனாய். தத்தனேரிச் சுடுகாட்டுக்கு உன்னைத் தூக்கிப் போனபோது என்னை யாரும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. முன்பக்கம் உன் மச்சான், பின்பக்கம் நான். பெட்டி, மெத்தை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு உன் காரிலேயே அவளை ஊருக்குக் கொண்டுபோய் விட்டேன். கார் அங்கேயே இருந்துவிட்டது. அவள் ஓட்டப் பழகிக்கொண்டாள்.

நீ போன பிறகு என் வியாபாரத்தில் ஒரு பழக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. யார் வந்து ஷாக் அப்சார்பர் கேட்டாலும், என்ன வண்டி, எந்த மாடல் என்று கேட்பதற்கு முன்னால், பின்னாடி யாரு உக்காருவாங்க என்று கேட்டுவிடுகிறேன். சிலர் விழிப்பார்கள். சிலர் யோசித்துவிட்டு, அம்மாவுக்கு இடுப்பு சரியில்லை என்பார்கள், வீட்டில் மாசமாக இருக்கிறார்கள் என்பார்கள். அப்போது பேச்சு மாறிவிடும், எடுத்து வைக்கிற பெட்டியும் மாறிவிடும். போன வாரம் ஒருவர் குட்டை ஸ்பிரிங் கேட்டு வந்தார். “பின்னாடி யாருமில்ல பாய், நான் ஒத்த ஆளு” என்றார். நான் சண்டை போடவில்லை. நல்லதாகப் பார்த்து வரவழைத்துக் கொடுத்தேன்.

இன்றைக்கு உன் தங்கையிடமும் வாய் தவறி அதையே கேட்டுவிட்டேன். “பின்னாடி யாரும்மா உக்காருவாங்க?” கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் முகம் மாறவில்லை. “ஊர்ல முடியாதவங்கதாண்ணே” என்றாள். “ரத்தம் சுத்தம் பண்ண வாரம் ரெண்டு தடவ ஒரு பெரியவரக் கூட்டியாறேன். போன மாசம் ஆப்பரேசன் பண்ணுன பிள்ளை ஒன்னு. யாருக்கு முடியலன்னாலும் மாமன் காரக் கூப்புடுங்க, அதுல போனா வலிக்காதுங்குறாக. அதான் ரெண்டு நெல்லு மூட்டை டிக்கியிலேயே கெடக்குது, எறக்குறதே இல்ல. நீங்க அன்னிக்கிப் போட்ட எண்ணெ டைப்பையே போட்டுருங்கண்ணே.”

அதையே எடுத்துக் கொடுத்தேன். மெக்கானிக் மாட்டி முடித்ததும் அவளை ஓட்டச் சொல்லிவிட்டு நான் பின்னால் ஏறினேன். உட்காரவில்லை. நீ படுத்திருந்த மாதிரியே, தலையை அந்தப் பக்கம் வைத்து, காலை மடக்கிக்கொண்டு படுத்தேன். முதல் மேட்டில் கார் ஏறி, அமுங்கி, அடங்கியது. வலிக்கவில்லை மாப்ள. அதன்பிறகு என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அவள் கண்ணாடியில் பார்த்துவிட்டாள். வண்டியை இன்னும் மெதுவாக ஓட்டினாள்.